திண்ணையும் கூடமும்

பழைய தமிழ் வீடுகளைக் கட்டிய கொத்தனாரும் தச்சரும் நூல் பல கற்றவர் அல்லர். ஆயினும், மக்கள் ஒருவரோடு ஒருவர் பழகும் முறையை நன்கு அறிந்தே அவர்கள் வீட்டை வகுத்தனர். தெருவை ஒட்டித் திண்ணை இருக்கும். திண்ணையைக் கடந்தால் நடை. அதனைத் தஞ்சைப் பகுதியில் ரேழி என்பர். நடையைக் கடந்தால் முற்றமும், அதனைச் சூழ்ந்த கூடமும். அப்பால் அடுக்களை, அதற்கும் அப்பால் கிணறும் கொல்லையும். வழிப்போக்கர் திண்ணையில் இளைப்பாறுவர். வரி தண்ட வந்த கணக்குப்பிள்ளையும், நெல் விலை பேச வந்த வணிகரும் திண்ணையிலேயே அமர்ந்து பேசி, மோர் அருந்தி விடைபெறுவர். உறவினர் வந்தால் கால் கழுவிக்கொண்டு கூடத்துக்கு வருவர். புகுந்த வீட்டில் பட்ட துயரை மகள் தன் தாயிடம் சொல்ல வேண்டுமாயின், கூடமும் அதற்கு ஏற்ற இடம் அன்று. அம்மியின் அருகிலோ கிணற்றடியிலோ நின்று சொல்வாள்.

திண்ணையில் அமர்ந்தவரைக் கூடத்துக்கு அழைக்கவில்லை என்பதற்காக, வீட்டுத் தலைவர் இரு முகம் உடையவர் என்று எவரும் பழித்ததில்லை. வந்தவரும் தாம் நிற்க வேண்டிய எல்லையை அறிந்திருந்தார். சிலரைத் திண்ணையிலும் ஏறவிடாது தெருவிலேயே நிறுத்திய கொடுமையும் அவ்வீடுகளில் இருந்தது. அதனை நான் போற்றவில்லை. பேச்சுக்குத் தக்க இடம் உண்டு என்று வகுத்த அறிவையே இங்குக் குறிப்பிடுகிறேன்.

இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகளில் திண்ணை இல்லை. கதவைத் திறந்தால் நேரே கூடம்தான். ஆயினும் திண்ணையின் தேவை தீர்ந்துவிடவில்லை. திண்ணையும் நடையும் கூடமும் இப்போது நம் கைப்பேசிக்குள் குடிபுகுந்துள்ளன. பணி நாடுவோரும் பணி தருவோரும் கூடும் லிங்க்டுஇன் என்னும் தளம் 2003-ஆம் ஆண்டில் தோன்றியது. அதற்கு அடுத்த ஆண்டில், அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவர் சிலர் தம் கல்லூரித் தோழர்களுக்காக முகநூலைத் தொடங்கினர். 2009-இல் வாட்சாப் வந்தது. அதனைப் புலனம் என்று தமிழில் வழங்குவாரும் உளர். என் வீட்டில் அச்சொல்லை எடுத்தாலே பேரன் சிரிக்கிறான். ஆதலின் இங்கு ஊர் வழக்கையே பின்பற்றுகிறேன்.

என் மகன் பெங்களூரில் பொறியாளனாக இருக்கிறான். ஒரே ஆள் எதற்காக இத்தனை இடங்களில் கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருநாள் அவனைக் கேட்டேன். "லிங்க்டுஇன் என்பது இஸ்திரி போட்ட சட்டை அப்பா, நம் குடும்பக் குழு என்பது கைலி. கைலியோடு அலுவலகம் போக முடியுமா?" என்றான். அவன் தமிழ்ப் பாடத்தில் ஒருபோதும் இவ்வளவு நல்ல உவமை எழுதியதில்லை.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் இன்று மாவட்ட அளவில் உயர்ந்த பதவி வகிக்கிறார். பள்ளியில் அவருக்குத் தோழர்கள் இட்ட பெயர் 'பணியாரம்'. அவ்வகுப்பு மாணவர்கள் வாட்சாப்பில் ஒரு குழு அமைத்து, அதில் என்னையும் சேர்த்திருக்கின்றனர். அங்கே இன்றும் அவர் பணியாரம்தான். அவ்வாறு அழைத்தால் மகிழ்ந்தே விடை தருகிறார். ஒருமுறை, அவர் அரசு விழா ஒன்றில் கலந்துகொண்ட படம் முகநூலில் வெளிவந்தது. தோழர் ஒருவர் அன்பு மிகுதியால் அதன்கீழ் அப்பெயரை எழுதிவிட்டார். அவ்வதிகாரியின்கீழ்ப் பணிபுரிவோரும், அவரிடம் முறையீட்டுக்கு வரும் பொதுமக்களும் பார்க்கும் இடம் அது. அன்று மாலை அவர் தோழரைத் தொலைபேசியில் அழைத்து, "டேய், அங்கே வேண்டாமடா; நம்ம குரூப்பில் எத்தனை தடவை வேண்டுமானாலும் கூப்பிடு" என்றாராம். பெயரைப் பற்றி அவருக்கு வெட்கம் இல்லை. இடத்தைப் பற்றிய எண்ணம் இருந்தது, அவ்வளவே.

இவ்வாறு இடத்துக்கு ஏற்ப ஒழுகுவது நேர்மைக் குறைவு என்று கூறுவாரும் உளர். ஒருவருக்கு இரண்டு அடையாளங்கள் இருப்பது நேர்மையின்மையைக் காட்டும் என்னும் கருத்தை முகநூலை நிறுவியவர்களுள் ஒருவராகிய மார்க் சக்கர்பெர்க் கூறியதாக, அந்நிறுவனத்தைப் பற்றி 2010-இல் வெளிவந்த நூல் ஒன்று தெரிவிக்கிறது. எல்லாரும் எல்லாவற்றையும் ஒரே கூடத்தில் பேசினால் கூடம் கட்டியவர்க்கு ஊதியம் மிகும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அக்கருத்தே பொருந்துவது அன்று என்பது என் துணிவு. மருத்துவர் தம் நோயாளியிடம் பேசும் சொல் வேறு. தம் குழந்தையிடம் பேசும் சொல் வேறு. இரண்டும் மெய்யே. திருக்குறளில் அவையறிதல் என்று ஓர் அதிகாரம் முழுமையும் அமைந்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். கேட்போர் யாவர் என அறிந்து பேசுவதை வள்ளுவர் ஓர் அறிவாகக் கொண்டார், பொய்யாகக் கொள்ளவில்லை. மேலைநாட்டுச் சமூகவியல் அறிஞர் எர்விங் காஃப்மனும் மக்களின் அன்றாட ஒழுகலாற்றை நாடக மேடைக்கு ஒப்பிட்டு ஒரு நூல் எழுதினார். மேடையின் முன்புறமும் பின்புறமும் வேறாக இருத்தல் மனித வாழ்வின் இயல்பு என்பது அவர் கண்டது. கணினி வலைகள் தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே அவர் அதனை எழுதிவிட்டார்.

தமிழ் மரபில் இச்செய்தி இன்னும் ஆழமாகச் சென்றுள்ளது. தொல்காப்பியர் வாழ்வின் பொருளை அகம், புறம் என வகுத்தார். போரும் கொடையும் அரசும் புகழும் புறம். காதலும் பிரிவும் மனைவாழ்க்கையின் உணர்வும் அகம். புறப்பாடலில் பெயரும் ஊரும் குடியும் வெளிப்பட வரலாம். அகப்பாடலில் வரும் தலைவனுக்கோ தலைவிக்கோ இயற்பெயர் சுட்டுதல் கூடாது என்பது மரபு. அவள் யார் மகள், அவன் எவ்வூரான் என்று அறிந்துவிட்டால், அந்தத் துயரம் ஊரார் வாய்க்கு இரையாகிவிடும் அன்றோ?

இதற்குச் சான்றாக நான் வகுப்பில் பலமுறை எடுத்துக் காட்டியது நெடுநல்வாடை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய இதனைப் பாடியவர் நக்கீரர். 188 அடிகள் கொண்டது. வாடைக்காலத்து நள்ளிரவு. அரண்மனையில் உறங்காமல் அரசி வருந்தியிருக்கிறாள். பாசறையில் அரசனும் உறங்கவில்லை. புண்பட்ட வீரர்களைக் காண, வீசும் காற்றில் நடந்து வருகிறான். அவள் பெயரும் இல்லை. அவன் பெயரும் இல்லை. எல்லா வகையாலும் இது அகப்பாட்டுப் போலவே தோன்றுகிறது. ஆனால், அவனுக்கு முன் செல்லும் வீரனுடைய வேலின் தலையில் வேப்பந்தார் கட்டப்பட்டிருந்தது என்று போகிறபோக்கில் ஒரு குறிப்பு வருகிறது. வேம்பு பாண்டியர்க்கு உரிய அடையாள மாலை. அந்த ஒரு குறிப்பால் அரசன் இன்னான் என்பது வெளிப்பட்டுவிட்டது என்றும், ஆதலின் இப்பாட்டு அகம் ஆகாது, புறமே என்றும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் முடிவு செய்தார்.

நான் புலவர் வகுப்பில் பயின்றபோது இப்பாடம் நடந்த நாளில், ஒரு வேப்பந்தாருக்காக 188 அடிகளையும் இடம் மாற்றலாமா என்று என் அருகில் இருந்த தோழர் கேட்டார். எங்கள் ஆசிரியர் புன்னகை செய்து, "பெயர் தெரிந்துவிட்டால் நாம் அவள் அழுகையைக் கேட்கமாட்டோம், பாண்டிமாதேவி அழுகிறாளாம் என்று செய்தி சொல்லக் கிளம்பிவிடுவோம்" என்றார்.

இக்காலத்தில் வேப்பந்தார் எத்தனையோ வடிவில் வருகிறது. கழுத்தில் தொங்கும் அலுவலக அட்டை ஒன்று. பின்னால் நிற்கும் வண்டியின் எண் ஒன்று. மாணவர்களாகிய உங்களுக்குச் சீருடையின் முத்திரை. தோழியர் நால்வர் விளையாட்டாக ஆடிப் பாடி எடுத்த ஒரு சிறு படம், அவர்களுக்குள் இருக்கும் வரை வெறும் விளையாட்டு. சட்டைப்பையில் பள்ளியின் முத்திரை தெரிய அது பொதுத்தளத்தில் ஏறிவிட்டால், அது ஒரு பள்ளியைப் பற்றிய செய்தி. தலைமையாசிரியர் விடை சொல்ல வேண்டிய செய்தி. முன்பின் அறியாத ஒருவன் அக்குழந்தைகளை எந்தத் தெருவில் காணலாம் என்று அறிந்துகொள்ளும் செய்தி. படம் மாறவில்லை. அகமாக இருந்தது புறமாகிவிட்டது.

ஆசிரியர் வாழ்வில் அகத்துக்கும் புறத்துக்கும் இருந்த சுவர் 2020-ஆம் ஆண்டில் சரிந்தது எனலாம். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கைப்பேசிக்கு வந்தது. அதுவரை ஆசிரியரின் வீட்டு எண்ணை அறிந்த பெற்றோர் சிலரே. அதன்பின் வகுப்புக்கு ஒரு குழுவாக எல்லாப் பெற்றோரிடமும் அந்த எண் சென்று சேர்ந்தது. நான் அதற்கு முன்னரே ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனால், இரவு பதினொரு மணிக்கு, "நாளைக்கு ஸ்கூல் உண்டா சார்?" என்று வந்த செய்திகளை என் நண்பர்கள் காட்டியதுண்டு. குழந்தையின் தொட்டிலை ஆட்டிக்கொண்டே ஓர் ஆசிரியை வீட்டுப்பாடம் திருத்தினார். தொற்று நீங்கியது, குழுக்கள் நீங்கவில்லை. பணி நேரம் முடிந்தபின் அலுவலகச் செய்திகளினின்றும் விலகியிருக்கும் உரிமைக்குப் பிரான்சு நாட்டில் 2017 சனவரி முதல் சட்டத்தில் இடம் தந்துள்ளனர். ஆஸ்திரேலியாவும் 2024-இல் அவ்வாறே செய்தது. இங்கே நம் ஆசிரியர்களுள் சிலர் இரண்டு எண்கள் வைத்துக்கொண்டு, மாலை ஆறு மணிக்கு ஒன்றின் வாயை மூடிவிடுகின்றனர். அவர்களை நான் குறை கூறமாட்டேன்.

என்னோடு பல்லாண்டு பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர். என்னினும் இளையவர், என்னை ஐயா என்றே அழைப்பார். அவருக்கு உடல் நலிவு ஏற்பட்டு, மருத்துவர் திசுவை எடுத்து ஆய்வுக்கு அனுப்பினர். முடிவு அவர் மகளின் கைப்பேசிக்கு வந்தது. அது புற்றுநோய். அப்போது பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு அவர் காலையும் மாலையும் தனி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். சனிக்கிழமை வீட்டுக்கு வந்து, அருகில் அமர்ந்து, கையைப் பற்றிக்கொண்டு சொல்ல வேண்டும் என்று மகள் எண்ணினாள். எந்த மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம் என்று கலந்துகொள்வதற்காக, தந்தையாரை விடுத்துத் தன் சிற்றப்பன்மாரும் அத்தைமாரும் உள்ள குடும்பக் குழுவில் மட்டும் வியாழன் இரவு செய்தி இட்டாள். அப்பாவுக்கு இன்னும் தெரியாது என்றும் எழுதினாள்.

அக்குழுவில் இருந்த உறவினர் ஒருவர் வேறொரு பள்ளியில் ஆசிரியர். அவர் தீயவர் அல்லர். செய்தியைக் கண்டு மனம் பதறியவர். உடன் பணிபுரிவோர் உதவுவர் என்று எண்ணி, அவ்வட்டார ஆசிரியர் குழுவில் அதனை இட்டார். ஓய்வு பெற்ற என்னையும் அக்குழுவில் வைத்திருந்தனர். வெள்ளி காலை நான் கைப்பேசியைத் திறந்தபோது, கூப்பிய கைகளின் சிறு படங்கள் வரிசை வரிசையாக வந்திருந்தன. உடனே அவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். அவர் பள்ளிக்குப் புறப்பட்டுச் சென்று அரைமணி ஆகிவிட்டது என்றார் அவர் மனைவியார். அவர் குரலில் கலக்கம் இல்லை. அவருக்கும் ஒன்றும் தெரியாது.

பள்ளியின் ஆசிரியர் அறையில் இளைஞர் ஒருவர் எழுந்து வந்து, "தைரியமாக இருங்க சார், இப்போ எல்லாத்துக்கும் மருந்து இருக்கு" என்றாராம். எதற்கு மருந்து என்று அவர் கேட்டிருக்கிறார்.

சில நாள் கழித்து அவரைக் கண்டேன். நோயைப் பற்றி அவர் மிகுதியாகப் பேசவில்லை. "என் மகள் வாயால் கேட்க வேண்டியதை, ஐயா, சாக்பீஸ் டப்பாவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். அறையில் ஏழு பேர் இருந்தார்கள். எனக்கு உட்காரத் தோன்றவில்லை, மணி அடித்துவிட்டது என்று வகுப்புக்குப் போய்விட்டேன்" என்றார். மகளோ, தந்தையாரிடம் சொல்லத் தான் தேர்ந்து வைத்திருந்த சொற்களை எவரிடமும் சொல்லாமலே இருந்துவிட்டாள்.

யார் மீது குற்றம்? குடும்பக் குழு ஒன்றும் ஆசிரியர் குழு ஒன்றும் தனித்தனியே இருந்தன. சுவர் இருந்தது. வாட்சாப்பில் செல்லும் செய்தியை அனுப்பியவரும் பெற்றவரும் அன்றி இடையில் எவரும் படிக்க இயலாதவாறு பூட்டும் முறை 2016 ஏப்ரல் முதல் எல்லார்க்கும் உண்டு. அப்பூட்டு வழியைக் காக்கும். பெற்றவரின் கையை அது பூட்டாது. இரண்டு குழுவிலும் ஒருங்கே இருக்கும் ஒருவரே வீட்டின் நடை போன்றவர். திண்ணையும் கூடமும் சேர்வது அவரிடத்தில்தான். பழைய வீட்டில் நடையில் ஒரு கதவு இருந்தது. இங்கே அந்த மனிதரே கதவு. அவர் ஒரு வினாடி நின்று, "இதனை அங்கே சொல்லலாமா அம்மா?" என்று அப்பெண்ணை ஒரு வரி கேட்டிருந்தால் போதும்.

கூகுள் நிறுவனம் 2011-இல் தொடங்கிய ஒரு தளத்தில், நண்பர், உறவினர், உடன் பணிபுரிவோர் என அறிமுகமானவர்களை வட்டம் வட்டமாகப் பிரித்து வைத்துக்கொள்ளும் வசதியைத் தந்திருந்தது. அழகிய ஏற்பாடு. பொதுமக்களுக்கு உரிய அத்தளத்தை 2019-இல் மூடிவிட்டனர். அது மூடப்படாது இருந்திருப்பினும், ஒரு வட்டத்தில் கேட்டதை மறு வட்டத்தில் சொல்லும் நாவை அது என்ன செய்யும்?

தனிமனிதரின் அந்தரங்கம் அரசியலமைப்புச் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டுத் திங்கள் 24-ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பெரிய தீர்ப்பு. ஆனால், அன்பினால் பதறிச் செய்தியைத் தூக்கிக்கொண்டு ஓடும் உறவினர் மீது எவர் வழக்குத் தொடுப்பார்?

எல்லாச் சுவரும் எப்போதும் நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2015 திசம்பரில் சென்னை மாநகரை வெள்ளம் சூழ்ந்தபோது, அலுவலகக் குழு, கல்லூரிக் குழு, குடும்பக் குழு என்னும் வேறுபாடு இன்றிச் செய்திகள் பாய்ந்தன. மாடியில் சிக்கிய முதியவர் எங்கே, படகு எங்கே, சோறு எங்கே என்று முன்பின் அறியாதவரின் எண்களை ஊரறியப் பரப்பினர். வீடு தீப்பற்றும்போது திண்ணையில் நிற்பவர் கூடத்துக்குள் புகுந்துதான் ஆக வேண்டும். மற்றொன்றும் உண்டு. பகலில் அலுவலகத்தில் பணிவாகப் பேசிவிட்டு, இரவில் பொய்ப்பெயர் ஒன்றை மேற்கொண்டு பெண்களை இழித்து எழுதுகிறானே ஒருவன், அவனும் தனக்கு இரண்டு முகம் வேண்டும் என்கிறான். அவன் கேட்பது அகம் அன்று, மறைவிடம். 

நீங்கள் சில ஆண்டுகளில் பணிக்குச் செல்வீர்கள். உங்களுக்கு வேலை தருவதற்கு முன் உங்கள் பக்கங்களைப் பார்ப்போர் இருப்பர். அதற்கு அஞ்சி இப்போதே இஸ்திரி போட்ட சொற்களை மட்டும் பேசிப் பழக வேண்டியதில்லை. தோழரோடு நகையாடுங்கள், அண்ணனோடு சண்டையிடுங்கள், தேர்வைக் குறை கூறுங்கள். அவற்றுக்கு உரிய கூடத்தில் அவை நிகழட்டும். பிறர் தம் கூடத்தில் உங்களை நம்பிச் சொன்னதை மட்டும் வெளியே எடுத்துச் செல்லும் முன் அவரைக் கேளுங்கள்.

கணித ஆசிரியர்க்குச் சிகிச்சை நல்ல முறையில் நடந்தது. இப்போது நலமாக இருக்கிறார், ஓய்வும் பெற்றுவிட்டார். அவர் மகள் அந்தப் பெரிய குடும்பக் குழுவை விட்டு விலகவில்லை. திருமண அழைப்புகளும் பிறந்தநாள் வாழ்த்துகளும் அங்கே வந்தவண்ணம் இருக்கின்றன. அதற்குப் புறம்பாக ஐவர் மட்டும் உள்ள சிறிய குழு ஒன்றை அமைத்திருக்கிறாள். அதற்கு அவள் பெயர் ஒன்றும் இடவில்லை. பெயர் எழுதும் இடத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்திருக்கிறாள். ஆறு திங்களுக்கு ஒருமுறை எடுக்கும் இரத்த ஆய்வின் எண்களை, அது தந்தையார் என்பதால், தசமப் புள்ளி தவறாது அவரே அதில் எழுதுகிறாராம். அக்குழுவில் நான் இல்லை. அவர் நலத்தை அறிய வேண்டும் என்று தோன்றும்போது, மாலையில் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்று வருகிறேன்.